முன்பாரம்

சமையலறைத் தராசில் இன்று மாவு இல்லை.
நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றாக.
பித்தளை வளையம் சேர்த்து முன்னது
இருநூற்று எழுபது கிராம்,
பின்னது நூற்று நாற்பத்தெட்டு.
ஹார்லன் குறித்துக்கொள்கிறான்
எரிவாயுக் கம்பெனி நாட்காட்டியின் முதுகில்.
நம் மகளைக்கூட இத்தனை தடவை
எடை போட்டதில்லை என்றேன்.
எட்டு பவுண்டு என்றதும்
போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

பாறை சோக்செர்ரிப் பள்ளத்தாக்கில்.
யாரும் பெயர் வைக்காத மணற்கல்.
நாங்கள் அதை ‘வரி ஆபீஸ்’ என்போம்,
போனவர் எல்லாம் வெறுங்கையோடு திரும்புவதால்.
என் முழங்காலில் தொடங்கி
நெற்றிக்கு மேல் முடியும்.
கடைசி இரண்டு சாண் ஏறக்குறையச் சுவர்.

மூன்று ஞாயிறு அங்கே மல்லாந்தது,
ஒரு முழ நீள வண்டி.
ஒரே இடம், ஒரே மாதிரி.
முன்சக்கரம் பல்லியாய் ஒட்டும்,
கொஞ்சம் யோசிக்கும்,
மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்க்கும்.
வானத்தைப் பார்த்த வண்டி ஏறாது.

அதனால் பேட்டரி முன்னுக்கு வந்தது,
விரல் நுழையாத சந்துக்குள்.
முன் ஷாக்கினுள் ஒரு குழாய்த் துண்டு,
எழும்ப நினைத்தால் இழுத்துப் பிடிக்க.
டயருக்குள் பஞ்சு இரண்டு அடுக்கு:
உள்ளே பிடிவாதம், வெளியே இணக்கம்.
முன் அச்சின் பற்சக்கரம் மாற்றினான்,
பின்னதைவிடச் சற்றே வேகமாய்ச் சுழல.
இரண்டு பேர் கட்டில் தூக்கினால்
முன்னால் போகிறவர் ஓரடி அவசரப்படுவாரே,
அப்படி.
நம்மில் அது யார் என்று
நான் கேட்கவில்லை.

பள்ளிப் பேருந்துகளின் அடியில் படுத்துப் பிழைக்கிறவள் நான்.
பதினோரு டன் இரும்பிடமும்
இவ்வளவு கெஞ்சியதில்லை.
ஆனாலும் நேற்று நள்ளிரவில்
ஷாக் எண்ணெயில் குமிழி இருக்கிறதா என்று
விளக்கில் பிடித்துப் பார்த்தது
நான்தான்.

நான்காம் ஞாயிறு, வெயில் சாய்ந்த நேரம்.
மேற்கே தொலைவில் சிறகுள்ள பாறை.
வரைபடம் அதைக் கப்பல் என்கிறது.
ஹார்லன் விசையை அழுத்தவில்லை,
அழுத்தலாமா என்று விரலைக் கேட்டான்.
வண்டி நகர்ந்தது,
அங்குலத்துக்கு ஒரு மூச்சு.
அந்த இடம் வந்தது.
மூக்கு எழவில்லை.
ரப்பர் கல்லைப் பிசைந்தது.
நிற்கிறதா ஏறுகிறதா
என்று சொல்ல முடியாத வேகம்.
பிறகு விளிம்புக்கு மேல் ஒரு சக்கரம்,
இன்னொன்று,
பிறகு மொத்த வண்டியும் எங்கள் தலைக்கு மேலே
புழுதியோடு, சிவந்த வெளிச்சத்தில்.

கத்தினோம். ஓர் அண்டங்காக்கை இடம் மாறியது.

அப்புறம்தான் தெரிந்தது
அந்தப் பக்கமும் சரிவு என்று.
திரும்ப இடமில்லை.
இறங்குவதற்கென்று நாங்கள்
ஒரு கிராம்கூட யோசித்திருக்கவில்லை.

கையால் எடுத்துவிடு என்றேன்.
தொட்டால் சேராது என்றான்.
எந்தக் கணக்கில்?
நடுவர் எங்கள் ஷாண்டீன், வயது ஒன்பது,
அவளும் தலையை ஆட்டினாள்: தொட்டால் சேராது.

வண்டி அடி எடுத்து வைத்தது.
மூக்கில் சேர்த்த பாரம் முழுதும்
மூக்கு போன வழியே போயிற்று.
ஒரு குட்டிக்கரணம், இன்னொன்று,
மூன்றாவதில் மேல்மூடி தனியாகக் கிளம்பியது.
“நாலு” என்றாள் ஷாண்டீன்,
வண்டி நின்ற பிறகும் எண்ணிக்கொண்டு.

மூடியைப் பூட்டும் ஊசி ஒன்று காணோம்.
நாலணா பெறாது.
கைபேசி வெளிச்சத்தில் மூவரும்
குனிந்து தேடினோம்.
கிடைத்தது யாரோ விட்டுப்போன வேறோர் ஊசி.
அளவு பொருந்தியது.

திரும்பும் வழியில் ஹார்லன் பேசவில்லை.
மெயின் தெரு சிக்னலில் சிவப்பு.
“பின்னால் முப்பது கிராம் சேர்த்தால்?”
என்றான், சாலையைப் பார்த்தபடி.

“இருபது” என்றேன்.